முத்திருளாயிக்குப் பின்னால் வந்த ஈரக்கால்கள்

பொட்டலேந்தல் கண்மாய்க்கு வடக்கத்திப் பறவைகள் வந்து இறங்கிய பதினோராவது நாள், கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில், பறவையே இல்லாத ஒரு பறவையின் காலடிகள் மட்டும் கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தன. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல், ஒரு காலுக்கும் மறு காலுக்கும் சாண் இடைவெளி, ஒவ்வொன்றும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்தது போல ஈரம். வெயில் ஏறி, ரேஷன் கடைச் சிமெண்டு வாசலில் வெறுங்கால் வைக்க முடியாமல் ஆனபோதும் அந்த ஈரம் காயவில்லை. சாயங்காலம் ஆனதும் தானாகவே இல்லாமல் போனது. மறுநாள் காலையில் வேறு வழியாக, வேறு தெருவுக்கு, புதிதாக வந்தது.

ஊர் முதலில் அதை ஒரு விருந்தாளியைப் போலத்தான் பார்த்தது. எந்தப் பறவையின் கால் என்பதுதான் பெரிய விவாதமாக இருந்ததே தவிர, பறவை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறகிதான் என்று ஒருவர் சொல்ல, சிறகிக்கு விரலுக்கு நடுவே சவ்வு இருக்குமே அது எங்கே போச்சு என்று இன்னொருவர் மடக்க, நாமக்கோழி என்று ஒரு கட்சி, நாரை என்று ஒரு கட்சி, டீக்கடைப் பெஞ்சில் இரண்டு நாளைக்குப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. டீக்கடைக் கருமலையான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். பெண்கள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு, மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். பஞ்சாயத்து மைக்கில், "காலடி யார் வீட்டு வாசலுக்கு வந்தாலும் கூட்டி அழிக்க வேண்டாம், வந்த வழியே போகும்" என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளில் அதற்குப் பெயர் கூட வேண்டியிருக்கவில்லை. "அது இன்னைக்குத் தெக்குத் தெருவுக்குப் போயிருக்கு" என்றால், கேட்டவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

அது வந்த வழியே போகவில்லை. முதல் நாள் பூவாணி வீட்டுக் கோழிக் கூட்டு வாசலில் போய் நின்ற காலடிகள் திரும்பி வந்ததற்குத் தடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவாணி கூட்டைத் திறந்தபோது எட்டுக் கோழியும் கழுத்தை மடக்கிக் கிடந்தன. கொண்டை நாவல்பழ நிறத்துக்கு மாறி, முகம் வீங்கி, கண் தெரியாமல். சனிக்கிழமை காலடி போன வீட்டில் திங்கட்கிழமை சாவு. ஞாயிற்றுக்கிழமை போன வீட்டில் செவ்வாய்க்கிழமை சாவு. செத்ததைச் சிலர் கண்மாயில் வீசினார்கள், சிலர் சாகுமுன்னே அறுத்துக் குழம்பு வைத்தார்கள், ஒருத்தி உயிரோடிருந்த நாலைப் பஸ்ஸில் ஏற்றித் தங்கச்சி ஊருக்கு அனுப்பி வைத்தாள். கருமலையான் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தான். அதற்குப் பிறகு விடிந்ததும் கதவைத் திறக்கவே ஊர் பயந்தது. கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து, வாசல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினார்கள்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா மெஹர்நிசா வந்தாள். உடம்பு முழுக்க வெள்ளை உறை, மூக்கு வாய் மூடி, கண்ணாடி போட்டு அவள் இறங்கி வந்த கோலமே பாதிப் பயத்தைக் கிளப்பிவிட்டது. செத்த கோழியின் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை போனில் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல். "கோழியோட போயிடும்னு நினைக்காதீங்க, எப்பவாவது ஒருதடவை மனுசருக்கும் வரும், வந்தா லேசா இருக்காது. கர்ப்பமா இருக்கறவங்களும் சின்னப் பிள்ளைகளும் கூட்டுப் பக்கமே போகக் கூடாது" என்று அவள் மறுபடி வந்து சொன்னாள். காலடிகளைப் பற்றி ஊர் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. தன் நோட்டில் விரல் அளவைக் குறித்துக்கொண்டு, "இது எங்கேருந்து கிளம்புது?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி முத்திருளாயிக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது அவளுக்கே தெரியாது.

முத்திருளாயி அந்த ஊருக்கு அடை வைத்துக் கொடுப்பவள். கோழி அடைக்குப் படுத்துவிட்டால் பொட்டலேந்தலில் யாரும் தன் கையால் முட்டை வைக்க மாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து, வாயகன்ற பழைய சட்டியில் மண் பரப்பி, இடிச் சத்தத்துக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஓரத்தில் சொருகி, முட்டையை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டி வைத்தால், வைத்தது அத்தனையும் பொரிக்கும். ஒரு கூமுட்டை இருக்காது. கைராசிக்காரி என்று பெயர். கலியாண வீட்டில் அவளுக்கு முன்வரிசைப் பந்தி, சண்டை போட்டவர்கள்கூட அடைக் காலத்தில் அவளிடம் வந்து பல்லைக் காட்டுவார்கள். புருசன் போன பிறகு அவளை ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவைத்தது அந்தப் பெயர்தான்.

அந்தக் கைராசிக்கு உள்ளே ஒரு ரகசியம் இருந்தது. பெற்ற மகளிடம்கூட அவள் சொல்லாதது. சட்டியில் பரப்பும் மண்ணைக் கண்மாயில் தண்ணீர் வற்றி விலகிய ஓரத்திலிருந்து, கோரைக்கு அடியில், பறவைகள் உட்கார்ந்து எழுந்து போன இடமாகப் பார்த்து அவள் அள்ளுவாள். அதில் ஒரு பொசபொசப்பும் ஈரமும் இருக்கும், சூடு சீராகப் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதை மடியில் கட்டிக்கொண்டுதான் போவாள்.

செவ்வாய்க்கிழமை சேதுராக்கு வீட்டுக்கு அடை வைக்கப் போனாள். ஊரே நடுங்கிக்கொண்டிருக்கும்போது அடை எதற்கு என்று கேட்டால், ஊரில் செத்ததை ஈடுகட்டக் குஞ்சு வேண்டாமா என்பது சேதுராக்கின் கணக்கு. போகும் வழியில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் கருவேல முள் ஏறி, முத்திருளாயி வலது காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்று, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள். பார்த்தவர் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் கண்மாய்க் கரையேறி, அந்தப் பக்கத்து மேட்டேந்தலுக்குப் போனாள். அங்கேதான் அவள் மகள் நாகஜோதியைக் கட்டிக்கொடுத்த வீடு. மகளுக்கு எட்டு மாசம். பிள்ளை பிறக்கும் நேரத்தில் வீட்டில் குஞ்சுச் சத்தம் கேட்க வேண்டும் என்று சம்பந்தியம்மா ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருந்தாள். நோய் பொட்டலேந்தல் கோழிக்குத்தான், கரைக்கு அந்தப் பக்கம் ஏது என்று முத்திருளாயி நினைத்திருந்தாள். பதின்மூன்று முட்டை. முத்திருளாயி மண் பரப்பி, ஆணி கரி மிளகாய் வைத்து, முட்டையை உருட்டி வைக்க, நாகஜோதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு குந்தியிருந்து சட்டியைப் பிடித்துக் கொடுத்தாள். இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயிலுக்கு முன்னே அம்மா கிளம்பினாள்.

ஊருக்குள் வந்தபோது மின்கம்பத்தடியில் கூட்டம். பயத்துக்கு நடுவிலும் சிரிப்புச் சத்தம்.

"மதினி, இங்க வந்து பாரு கூத்தை" என்று சேதுராக்கு கூப்பிட்டாள். "கொக்கு மாதிரி ஒத்தக்காலுல நின்னுருக்கு!"

கண்மாய்க்கரையிலிருந்து வந்த ஈரக் காலடிகள் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இடது காலாக மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக, நாலைந்து தடவை பதிந்திருந்தன. வலது கால் இல்லை. அதற்குப் பிறகு வலது கால் லேசாக, விரல் நுனி மட்டும் ஊன்றி, நொண்டி நொண்டிச் சேதுராக்கு வீட்டுக் கூட்டுக்குப் போயிருந்தது.

 முத்திருளாயிக்கு முள் ஏறிய உள்ளங்கால் திடீரென்று வலித்தது. வெள்ளிக்கிழமை பூவாணி வீடு; வியாழக்கிழமை அங்கே அடை வைத்தது யார்? சனிக்கிழமை வீடு, ஞாயிற்றுக்கிழமை வீடு, திங்கட்கிழமை வீடு, செவ்வாய்க்கிழமை வீடு, ஒவ்வொன்றுக்கும் முந்திய நாள் மடியில் மண்ணோடு போனது யார்? அது ஒரு நாள் தள்ளி அவள் நடந்த வழியிலேயே அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு அவள் நடந்தது மேட்டேந்தலுக்கு. நாளைக்கு விடிந்ததும் அது கரையேறி, நாகஜோதி தினமும் காலையில் கூட்டுகிற கூட்டு வாசலில் போய் நிற்கும்.

அவள் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வீட்டுக் கோழியைக் கொன்றவள், ஊருக்குள் சாவைச் சுமந்துகொண்டு வந்தவள், இனி அவள் தொட்ட பச்சைத் தண்ணீரைக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

மத்தியானம் ரேஷன் கடை வாசலில் டாக்டரம்மா ஊரைக் கூட்டியிருந்தாள். எல்லாக் கோழியையும் அடைக்க வேண்டும், வீட்டுக்கு வீடு போக வேண்டாம், செத்ததை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "கண்மாயிலேருந்து யாராவது எதையாவது ஊருக்குள்ள கொண்டு வர்றீங்களா? புல்லு, நத்தை, செத்த பறவை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, யாரையும் திட்ட மாட்டேன்" என்று கேட்டாள். ஒருத்தி புல் என்றாள். ஒருவர் நத்தை என்றார். ஆனால் அவர்கள் வீட்டுப் பக்கம் காலடி போயிருக்கவில்லை.

"மண்ணு" என்றாள் முத்திருளாயி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பறவை உக்காந்த மண்ணு. நாந்தான் அள்ளிட்டு வாறேன். நான் அடை வச்ச வீட்டுக்கெல்லாம் அது மறுநாள் வந்துச்சு. எனக்குப் பின்னாலதான் வருது."

ஊர் நம்பவில்லை. நம்ப அவர்களுக்கு மனசில்லை. "உன் கையிலயா? போவியா, வெயிலு மண்டையில ஏறிருச்சு உனக்கு" என்றாள் பூவாணி. எட்டுக் கோழியைப் பறிகொடுத்தவளே அப்படிச் சொன்னாள். முத்திருளாயி ஒரு கல்லில் உட்கார்ந்து வலது உள்ளங்காலை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள். முள் ஏறிய இடம் சிவந்து வீங்கியிருந்தது. "நேத்து கம்பத்தடியில நின்னு பிடுங்குனேன்" என்றாள்.

சேதுராக்குதான் முதலில் அழுதாள். பிறகு ஒவ்வொருவராக, உட்கார்ந்த இடத்திலிருந்தே கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். யாரும் கல்லெடுக்கவில்லை, யாரும் வையவும் இல்லை, அந்த நகர்வுதான் முத்திருளாயியைக் கொன்றது. டாக்டரம்மா மட்டும் நகராமல், "நாளைக்கு எங்கே போகும்?" என்று கேட்டாள்.

"என் மக வீட்டுக்கு."

அதைக் கேட்டதும் ஊருக்கு ஏதோ ஆனது. தன் கோழி, தன் கூடு என்று கதவுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்த சனம், பிள்ளைத்தாய்ச்சி என்றதும் எழுந்துகொண்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒரு கோழி தெருவில் இல்லை. வாசலுக்கு வாசல் சுண்ணாம்பு. காலைக் கழுவச் சோப்புத் தண்ணீர் வாளி. பஸ்ஸில் அனுப்பிய நாலு கோழியைப் பற்றி அந்தப் பெண் தானாக வந்து டாக்டரம்மாவிடம் சொன்னாள். கண்மாயில் வீசியதை எடுத்துப் புதைக்கக் குழி வெட்டினார்கள், உறையும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல்.

டாக்டரம்மா போனில் நாகஜோதியைக் கூட்டுப் பக்கம் போக வேண்டாம் என்றாள், அடையைத் தன் ஆட்கள் வந்து எடுத்து எரிப்பார்கள் என்றாள். போனைச் சம்பந்தியம்மா வாங்கினாள். "வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல, உசிரு வச்ச முட்டையை எரிக்கிறதா? எங்க வாசல்ல எவனும் கால வைக்கக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் ஊரே கண்மாய்க்கரையில் நின்றது. மேட்டேந்தலுக்கு இறங்குகிற இடத்தில், இந்தக் கோரையிலிருந்து அந்தப் பனைமரம் வரைக்கும், முழங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. ஆளுக்கு ஒரு கூடையாகச் சுமந்துவந்து போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்தடி இடைவெளி விட்டு ஆட்கள். எல்லாருக்கும் முன்னால், தனியாக, முத்திருளாயி.

அது வந்தது. எல்லாரும் பார்க்கும்போது வந்தது அன்றைக்குத்தான். காய்ந்த மண்ணில் ஒரு கால், பிறகு ஒரு கால், யாரோ கண்ணுக்குத் தெரியாமல் அவசரமில்லாமல் நடப்பது போல. நேற்று முத்திருளாயி மூச்சு வாங்க நின்ற இடத்தில் அதுவும் நின்றது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. பிறகு கோட்டை ஒட்டி இடப்பக்கம் போனது, திரும்பி வலப்பக்கம் வந்தது, எங்கே இடைவெளி என்று தேடியது. 

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து நாகஜோதி வந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, சரிவில் ஏறி வந்தாள்.

"ஆத்தா! அத்தை எரிக்க விட மாட்டேங்குது. நீ வச்ச அடையை நீயே வந்து எடுத்தாத்தான் பாவம் சேராதுங்குது. வா ஆத்தா."

அவள் இன்னும் நாலு அடி வைத்தாள். ஈரக் காலடிகள் அலைவதை நிறுத்திவிட்டு, அவள் கால் விழப்போகிற இடத்துக்கு நேராக வந்து நின்றன. அவள் கால் பட்டுச் சுண்ணாம்பு ஒரு விரற்கடை கலைந்தால் போதும்.

"நில்லுடி!" முத்திருளாயியின் குரல் கண்மாய்த் தண்ணீரில் கிடந்த பறவைகளை மொத்தமாகக் கிளப்பிவிட்டது. "அங்கேயே நில்லு!"

"ஆத்தா..."

"ஆத்தா இல்ல. என் கையில ராசி கிடையாது, என்னைக்கும் கிடையாது. உன் வீட்டுல நான் வச்சது சாவு. அதைப் போய் எரி. இந்தக் கோட்டைத் தாண்டுனா நீ எனக்கு மகளும் இல்ல, நான் உனக்கு ஆத்தாளும் இல்ல. போடி!"

நாகஜோதி தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். கால் கோட்டுக்கு அந்தப் பக்கமே இறங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனாள். பின்னால் ஓடித் தாங்கிப் பிடிக்க முத்திருளாயியின் உடம்பு மொத்தமும் துடித்தது, கால் மட்டும் அசையவில்லை.

ஈரக் காலடிகள் மெல்லத் திரும்பின. வேறு வழி அதற்கு இருக்கவில்லை. ஒவ்வொன்றாக முத்திருளாயியை நோக்கி வந்து, அவள் பெருவிரலுக்கு முன்னால் நின்றன. கூட்டத்தில் யாரோ வீறிட்டார்கள். அவள் திரும்பி, நடுத்தெரு வழியாகத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். சனம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. பின்னால் ஈரக்கால் மண்ணில் ஒட்டிப் பிரிகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவள் வேகமாகவும் நடக்கவில்லை, குனிந்தும் நடக்கவில்லை. உள்ளே போய்த் தன் பதினோரு கோழியையும் டாக்டரம்மாவின் ஆட்களிடம் கூடையோடு கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அது வாசலிலேயே நின்றது.

பத்து நாள் வெளியே வரக் கூடாது, காய்ச்சல் அடித்தால் உடனே போன் பண்ண வேண்டும் என்று உத்தரவு. காலையும் மாலையும் சேதுராக்கு கஞ்சித் தூக்கை, அவள் வாசலில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, "மதினி, எடுத்துக்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள். முத்திருளாயி நெற்றியில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதைவிட அதிகமாகப் போனைப் பார்த்தாள். நாகஜோதி முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாளும் பேசவில்லை. இவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மேட்டேந்தலில் என்ன ஆனது என்று கேட்க வேறு யாரையும் கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் போன் அடித்தது.

"எரிச்சாச்சு" என்றாள் நாகஜோதி. குரல் கட்டையாக இருந்தது. "அன்னைக்கே. அத்தைகிட்ட நான்தான் சண்டை போட்டேன். எங்க ஆத்தாளே சாவுன்னு சொல்லிருச்சு, இதுக்கு மேல யாரு சொல்லணும்னு கேட்டேன். டாக்டரம்மா ஆளுக வந்து கோழியையும் எடுத்துட்டுப் போயிட்டாக. மண்ணு, சட்டி, எல்லாம். பதிமூணு முட்டையும்."

அந்தக் கார்த்திகையில் முத்திருளாயி வைத்த அடையில் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை.

"நல்ல காரியம் பண்ணுன தாயி" என்றாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல. தெனமும் வந்து பாக்குறாக." பிறகு கேட்டாள்: "நீ எப்பிடி என்னைய அப்பிடிச் சொன்ன?"

 கதவுக்கு வெளியே அது கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது.

"பிள்ள அசையுதா?" என்று கேட்டாள்.

 "அசையுது" என்றாள். "இப்பக்கூட உதைக்குது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மகள் வைத்த பிறகும் முத்திருளாயி போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.